25 ஆண்டு கழித்து வகுப்புச் சந்திப்பு: எங்கிருந்து தொடங்குவது?

வடவாற்றங்கரை
மே 4, 2025

நாங்கள் 2000 மார்ச்சில் பிளஸ் டூ எழுதியவர்கள். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. மூன்று பிரிவு, மொத்தம் 143 பேர். வாட்ஸ்அப் குழுவில் இப்போது 96 பேர் இருக்கிறோம். போன மாதம் ஒருவன் "25 வருடம் ஓடிவிட்டது, எல்லோரும் ஒரு நாள் கூடவேண்டும்" என்று எழுதினான். மூன்று நாள் கட்டைவிரலும் கைகூப்பும் கொட்டின. நான்காம் நாள் "சரி, யார் செய்வது?" என்று கேட்டேன். வாயைத் திறந்தவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

நான் முன்னே நின்று நடத்திய ஒரே நிகழ்ச்சி என் தங்கையின் வளைகாப்பு. அதில் வளையல்காரருக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

நினைத்திருப்பது இவ்வளவுதான்: பள்ளியிலேயே ஒரு நாள். ஆசிரியர்களுக்கு மரியாதை, மதியச் சாப்பாடு, ஒரு குழுப் படம். குடும்பத்தோடு வந்தால் 250 பேர் ஆகலாம். இரண்டு லட்ச ரூபாய்க்குள் முடியுமா? ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வருகிறது, மூன்று நாள் விடுமுறை, அதில் வைக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினரை அழைக்கவேண்டும் என்று ஒரு கட்சி, கூடவே கூடாது என்று ஒரு கட்சி. செய்து பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

பந்திக்கணக்கு
மே 4, 2025

அப்பா காலத்திலிருந்து எங்களுக்குச் சமையல் ஒப்பந்தம்தான் தொழில். முதலில் தேதியைப் பேசுவோம்.

ஆடிக்குள் வையுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லாததால் சமையல்காரர், பந்தல்காரர், பாத்திரக்கடை எல்லோரும் சும்மா இருப்பார்கள், பேரம் படியும். ஆகஸ்ட் 17 ஆவணி பிறக்கிறது. அதன்பிறகு நல்ல முகூர்த்த ஞாயிறு என்றால் உங்கள் வகுப்பில் பாதிப் பேர் எங்காவது மொய் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு, டெல்டாவில் யாரும் வீட்டைவிட்டு அசையமாட்டார்கள். 15 வேண்டவே வேண்டாம்: பள்ளியில் கொடியேற்றம், மறுநாள் கோகுலாஷ்டமி, ஊருக்கு வரும் எல்லா வண்டியிலும் கூட்டம். ஆகஸ்ட் 10 ஞாயிறு எடுங்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்காக இன்னொன்று. ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னே திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். மன்னை எக்ஸ்பிரஸில் ஆகஸ்ட் 8 வெள்ளி இரவு ஏறவேண்டுமென்றால் ஜூன் 9 காலை 8 மணிக்கு உட்காரவேண்டும். அதற்கு முன் தேதி உறுதியாகாவிட்டால், வரவேண்டும் என்று நினைத்தவர்களே "டிக்கெட் கிடைக்கவில்லை" என்று ஒதுங்கிவிடுவார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். "கட்டாயம் வருகிறேன்" என்ற சொல்லுக்குச் சமையல்கட்டில் மதிப்பு கிடையாது. பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணுங்கள், அதில் நூற்றுக்குப் பத்தைக் கழியுங்கள், சொல்லாமல் வரும் உள்ளூர்க்காரர்களுக்காக ஒரு பதினைந்து இலை கூட்டுங்கள். நூறு இலைக்குப் பத்துக் கிலோ அரிசி எங்கள் கணக்கு. கூட்டம் கூடினால் அரை மணி நேரத்தில் சாதம் வடித்துவிடலாம், ரசத்தை நீட்டலாம். வடையையும் அப்பளத்தையும் நீட்டமுடியாது. மூன்றாவது பந்தியில் பாதி இலைக்கு வடை இல்லையென்றால், அதைப் பத்து வருடம் பேசுவார்கள். உளுந்து இரண்டு கிலோ கூடுதலாகவே ஊறப்போடச் சொல்லுங்கள்.

ஒரே நேரத்தில் 100 பேர் உட்காரலாம் என்றால் 250 பேருக்கு மூன்று பந்தி. இலை போட்டு, பரிமாறி, எடுத்து, மேஜை துடைக்க ஒரு பந்திக்கு 35 நிமிடம். அழைப்பிதழில் சாப்பாடு 1 மணி என்று அச்சடித்து, மேடையில் 1.40 வரை பேசினால் கடைசிப் பந்தியில் உட்காருபவர் மூன்று மணிக்குத்தான் கை நனைப்பார். அந்தக் கடைசிப் பந்தியில் யார் இருப்பார்கள் தெரியுமா? ஓடியாடி வேலை செய்த நீங்கள் நாலைந்து பேர்தான்.

கரும்பலகை
மே 5, 2025

தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். இப்படிப்பட்ட விண்ணப்பங்களை மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

பள்ளி உங்கள் நினைவில் உங்களுடையதாக இருக்கலாம், பதிவேட்டில் அது அரசுக்குச் சொந்தம். தலைமையாசிரியர் வாய்மொழியாகச் "சரி" என்று சொன்னதை நம்பிப் பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். நாள், நேரம், எத்தனை பேர், என்ன நிகழ்ச்சி, யார் பேசுகிறார்கள் என்று எழுதிக் கடிதம் கொடுங்கள். அவர் முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்கு அனுப்பி எழுத்தில் அனுமதி வாங்கட்டும். ஜூன் முதல் வாரம் சேர்க்கை, பாடநூல் என்று அவர் அலைவார். ஆகவே மே மாதமே போய்ப் பாருங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் தனியாக அனுமதி வேண்டும். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது.

சமையல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வளாகத்துக்குள் அடுப்பு மூட்டாதீர்கள், கீற்றுப் பந்தல் போடாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல்கூடத்துத் தீ கூரைக்கீற்றில் பற்றி 94 குழந்தைகள் போனார்கள். அன்று நான் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி வேறொரு பள்ளியில் வகுப்பில் இருந்தேன். செய்தி பரவியதும் பெற்றோர்கள் ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிள்ளை எழுந்து நின்ற பிறகும் கம்பியை விடவில்லை. வெளியே சமைத்து வண்டியில் கொண்டுவாருங்கள். சாப்பிடும் கூடத்தின் இரண்டு கதவுகளையும் திறந்து வையுங்கள், ஒன்றின் குறுக்கே மேஜை போட்டு வரவேற்பு வைக்காதீர்கள்.

இன்னொன்று ஆசிரியர்கள் பட்டியல். நான் விருந்தினராகப் போன ஒரு சந்திப்பில் "மறைந்த ஆசிரியர்களுக்கு அஞ்சலி" என்று திரையில் படங்களை ஓட்டினார்கள். ஐந்தாவது படத்துக்குரியவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை, நல்ல படமாகத்தான் போட்டிருக்கிறார்கள்" என்றார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய் அழையுங்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்பது அப்போதுதான் சரியாகத் தெரியும்.

அவசரக்குடுக்கை
மே 5, 2025

எல்லோரும் இவ்வளவு பயமுறுத்துகிறீர்களே. சட்டமன்ற உறுப்பினர் வந்தால் பள்ளிக்கு ஒரு வகுப்பறைக் கட்டடமாவது கேட்கலாம். செய்தித்தாளில் படம் வரும். வாசலில் பெரிய டிஜிட்டல் பேனர் ஒன்று வைத்தால்தான் ஊருக்கே தெரியும். ஒன்றும் இல்லாமல் சாப்பிட்டுக் கலைவதற்குப் பெயர் விழாவா?

மைக்செட்காரன்
மே 5, 2025

அவசரக்குடுக்கை, பேர் பொருத்தம். 22 வருடமாக மேடைக்குக் கீழே உட்கார்ந்து ஒலிப்பெட்டி பார்க்கிறேன். 10 மணி நிகழ்ச்சிக்குச் சிறப்பு விருந்தினர் 12.20க்கு வந்ததைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். அவர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்து வைக்கத் தொகுப்பாளர் ஒரே நகைச்சுவையை மூன்று முறை சொல்வார். அவர் வந்ததும் நிகழ்ச்சி நிரல் தலைகீழாகும். சால்வை வாங்க வந்த கிழவாத்தியார் இரண்டாம் வரிசைக்குத் தள்ளப்படுவார். கட்டடம் வேண்டுமென்றால் தனியாக மனுவோடு போய்ப் பாருங்கள், காபி கொடுப்பார். பேனருக்கும் அனுமதி இல்லாமல் முடியாது. வாசலில் ஒரு கோலமும் மாவிலையும் போதும்.

இப்போது என் வேலை. கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், இரண்டு பெட்டி போதும். பெட்டியை மேடைக்கு முன்னால் வையுங்கள். பேசுகிறவர் கையில் மைக்கை வைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் இறங்கி நடந்தால் ஊளையிடும். அதற்கு என்னைத் திட்டிப் பயனில்லை. கம்பியில்லா மைக் இரண்டு, கம்பி மைக் ஒன்று. கம்பி மைக்கைப் பழையது என்று ஒதுக்காதீர்கள், பேட்டரி தீராத ஒரே மைக் அதுதான். பேட்டரி நான்கு ஜோடி என் பையில் எப்போதும் இருக்கும், உங்கள் ஊர்க்காரரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஜெனரேட்டர் வாடகை பேசும்போது டீசல் யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்களுடையதாக இருக்கும். பாதிப் பேச்சில் மின்சாரம் போய், ஜெனரேட்டரைத் தட்டினால் தொட்டி காலி என்ற காட்சியை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன். அப்புறம் மின்விசிறியும் ஒலியும் ஒரே இணைப்பில் வேண்டாம்.

கோதையாறு
மே 6, 2025

எங்கள் வகுப்புச் சந்திப்பை 2023இல் நடத்தியவர்களில் நான் ஒருத்தி. நீங்கள் எழுதியதில் ஓர் எண் இல்லை. உங்கள் 143 பேரில் பெண்கள் எத்தனை, குழுவில் இருக்கும் 96 பேரில் பெண்கள் எத்தனை?

எங்கள் குழுவில் முதலில் 71 ஆண்கள், 9 பெண்கள். திருமணமாகிப் போன ஊர் வேறு, பெயருக்குப் பின்னால் வேறு எழுத்து, எண் மாறிவிட்டது. அம்மா வீட்டு முகவரியிலிருந்து தொடங்கித் தேடினோம். தேடுவதையும் அழைப்பதையும் பெண்களே செய்யவேண்டும். "உங்கள் மனைவியோடு பிளஸ் டூவில் படித்தேன்" என்று ஓர் ஆண் போனில் சொன்னால் எத்தனை வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கடைசியில் 43 பேர் வந்தோம்.

நேரத்தைப் பாருங்கள். மாலை 4 மணிக்கு முடித்துவிடுங்கள். இருட்டுவதற்குள் வீடு சேர முடியும் என்றால்தான் பலர் கிளம்புவார்கள். கழிப்பறையை இரண்டு நாளுக்கு முன் நீங்களே போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, வாளி இருக்கிறதா, மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்கிறதா? நாங்கள் போனபோது மூன்று கழிப்பறையில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நாற்பது ரூபாய்த் தாழ்ப்பாள். அதை யாரும் பார்க்கவில்லை, பூங்கொத்துக்கு மட்டும் மூன்று பேர் போய் விலை விசாரித்திருந்தார்கள்.

காகிதக் கோப்பை வாங்கி வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பூசிய கோப்பையும், மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பாத்திரக்கடையில் எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுங்கள்.

பந்திக்கணக்கு
மே 6, 2025

அந்த டம்ளரை வாங்கும்போதும் எண்ணுங்கள், திருப்பித் தரும்போதும் எண்ணுங்கள். எண்ணி வாங்காமல் எண்ணித் தந்தால் கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு.

நாலாம்பெஞ்சு
மே 7, 2025

ஒன்று கேட்கிறேன். ஆளுக்கு எவ்வளவு வாங்கப்போகிறீர்கள்?

எங்கள் வகுப்பில் தலைக்கு 2,000 ரூபாய் என்று குழுவில் போட்டு, கட்டியவர்கள் பெயரைத் தினமும் பச்சை அடையாளத்தோடு வெளியிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் பெயர் கடைசிவரை பச்சையாகவில்லை. விழாவுக்கு முந்தின நாள் குழுவைவிட்டு வெளியேறினான். நான் கட்டிவிடுகிறேன் என்று போன் செய்தேன், எடுக்கவில்லை. ஊரிலேயேதான் இருக்கிறான், பள்ளியிலிருந்து நடந்துபோகும் தூரம்.

அதைவிட மோசம், ஒவ்வொருவராக மேடையேறி "நான் இன்ன நிறுவனத்தில் இன்ன பதவி" என்று சொன்ன படலம். ஒருத்தி மைக்கை வாங்கி, "நான் வீட்டில்தான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். பிளஸ் டூவில் வேதியியலில் முதல் மதிப்பெண் அவள்தான். பெயர், எந்தப் பெஞ்சு, யாரிடம் அடி வாங்கினோம், இவ்வளவு போதாதா?

இன்னொரு யோசனை. பேசுகிறவர்களை நிறுத்த உடற்கல்வி ஆசிரியர் கையில் விசிலைக் கொடுங்கள்.

கடல்தாண்டியவன்
மே 7, 2025

கத்தாரில் இருக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு விடுப்பு எழுத மூன்று மாதம் முன்னால் தேதி வேண்டும். பணத்தை ஒருவர் கணக்கிலேயே போடுவதாக இருந்தாலும் இரண்டு பேர் பார்க்கும்படி வையுங்கள். செலவுச் சீட்டையெல்லாம் படம் எடுத்துப் போட்டுவிட்டால் பிறகு பேச்சு வராது. நாங்கள் தூரத்தில் இருப்பதால் எங்களிடம் மட்டும் பெரிய தொகை எதிர்பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள், ஐயா.

வடவாற்றங்கரை
ஜூன் 15, 2025

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 10 உறுதி. மே 28 அன்றே குழுவில் அறிவித்தோம். ஜூன் 9 காலை 8 மணிக்குச் சென்னையில் இருக்கும் 11 பேர் ஒன்றாக உட்கார்ந்து டிக்கெட் எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு காரியத்தில்தான், இது நடந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கே வந்தது.

தலைமையாசிரியர் கடிதத்தை வாங்கி, திருத்தி எழுதச் சொன்னார். "கலை நிகழ்ச்சி" என்று எழுதியிருந்தோம். என்ன கலை என்று கேட்டார். எங்களுக்கே தெரியவில்லை, அடித்துவிட்டோம். அனுமதி வந்துவிட்டது.

பணம் கேட்பதில் நாலாம்பெஞ்சு சொன்னபடி செய்தோம். யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். மொத்தத் தொகையைத்தான் குழுவில் போடுகிறோம். "இது சரிப்படாது, யாரும் தரமாட்டார்கள்" என்று பெரிய சண்டை. இன்றுவரை 83 பேர் கட்டியிருக்கிறார்கள். குறைந்தது 100 ரூபாய், அதிகம் 15,000.

கோதையாறு கேட்ட எண்ணை எண்ணிப் பார்த்தேன். 143இல் பெண்கள் 58. குழுவில் 14. எனக்கு வெட்கமாகிவிட்டது. அதில் நான்கு பேர் பொறுப்பெடுத்து இப்போது 39 ஆக்கிவிட்டார்கள். ஒருத்தியைத் தேடி அவளுடைய பெரியம்மா நடத்தும் பூக்கடை வரை போயிருக்கிறார்கள்.

ஒரு சிக்கல். குழுவில் இப்போது ஒன்பது பேர் ஒருங்கிணைப்பாளர்கள். பந்தல்காரருக்கு ஒரே நாளில் மூன்று பேர் போன் செய்து மூன்று அளவு சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம், "முதலில் நீங்கள் பேசி முடித்துவிட்டு வாருங்கள்" என்றார்.

கரும்பலகை
ஜூன் 16, 2025

வேலையைப் பிரித்துக் கொடுங்கள், முடிவைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். பந்தல் ஒருவருக்கு என்றால் பந்தல்காரருடைய எண் அவரிடம் மட்டும் இருக்கட்டும். மற்ற எட்டுப் பேரும் அந்த எண்ணை அழிக்கட்டும். கேலியாகச் சொல்லவில்லை, எங்கள் ஆண்டுவிழாவில் இப்படித்தான் செய்தோம்.

அப்படியே, உங்கள் காலத்துச் சத்துணவு அம்மா, ஆய்வக உதவியாளர், மணியடித்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்களை யாரும் அழைப்பிதழில் போடுவதில்லை.

மைக்செட்காரன்
ஜூன் 16, 2025

சால்வை நேரத்தைக் கணக்குப் போட்டீர்களா? எத்தனை ஆசிரியர்கள்? படம் எடுப்பவர் "இன்னொரு முறை, இந்தப் பக்கம் பாருங்கள்" என்பார். ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

வடவாற்றங்கரை
ஜூன் 16, 2025

16 பேர். கரும்பலகை ஐயா சொன்னவர்களில் மூவர் கிடைத்தால் 19. அப்படியென்றால் 38 நிமிடம் சால்வை மட்டுமே. ஐயோ.

கோதையாறு
ஜூன் 16, 2025

அவர்களை மேடையேற்றவே ஏற்றாதீர்கள். எழுபது, எண்பது வயதில் கைப்பிடி இல்லாத மரப்படியில் ஏற்றி இறக்குவது மரியாதையா, தண்டனையா? முன்வரிசையில் கைவைத்த நாற்காலியில் உட்காரவையுங்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு மாணவர்கள் போய் ஒரே நேரத்தில் போர்த்தட்டும். ஐந்து நிமிடத்தில் முடியும். அவர்கள் எழுந்திருக்கவும் வேண்டாம்.

வடவாற்றங்கரை
ஆகஸ்ட் 12, 2025

முடிந்தது. இரண்டு நாள் தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

வந்தவர்கள் 104 மாணவர்கள், குடும்பத்தோடு சேர்த்து 231. பந்திக்கணக்கு சொன்ன கழித்தல் கூட்டலில் 240 இலை சொன்னோம். 243 விழுந்தது, ஓட்டுநர்களையும் பந்தல் ஆட்களையும் எண்ண மறந்திருந்தோம். வடை எல்லோருக்கும் கிடைத்தது, எனக்கும் கிடைத்தது. அதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் தவறு காலையிலேயே. வரவேற்பு மேஜையில் பெயர் அட்டைகளை அகரவரிசையில் அடுக்கியிருந்தோம். 25 வருடம் கழித்துப் பார்க்கும் முகங்களை அடையாளம் தெரியாத இரண்டு பேரை அங்கே உட்காரவைத்துவிட்டோம். வந்தவர்கள் "என்னைத் தெரியவில்லையா?" என்று நின்றுவிட, வாசலில் வரிசை. பிறகு அவர்களே தங்கள் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டார்கள்.

ஆசிரியர்களுக்குச் சால்வை கோதையாறு சொன்னபடி. ஏழு நிமிடம் ஆனது. மணியடித்தவர் வந்திருந்தார். நிகழ்ச்சியைத் தொடங்க நீங்கள்தான் மணியடிக்கவேண்டும் என்று கேட்டோம். தண்டவாளத் துண்டு இன்னும் அதே வேப்பமரத்தில்தான் தொங்குகிறது. அவருக்குக் கை நடுங்கியதால் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அடித்தார். முதல் அடியில் யாரும் பேச்சை நிறுத்தவில்லை. அவர் நிமிர்ந்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழைய காலத்து இடைவேளை முடிந்த மணியை, அந்த வேகமான அடியை, அடித்தார். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயதுக்காரர்கள் நூறு பேர் பேசாமல் போய் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள்தான் என்ன நடக்கிறது என்று புரியாமல் விழித்தார்கள்.

உடற்கல்வி ஆசிரியரிடம் விசில் கொடுத்தோம். ஆளுக்கு மூன்று நிமிடம். எங்கள் வகுப்பின் பேச்சாளன் ஒருவன் "என் அருமைத் தோழர்களே" என்பதற்கே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டான். விசில் அடித்தும் நிறுத்தவில்லை. ஆசிரியர் நாற்காலியைவிட்டு எழுந்தார், அவ்வளவுதான். "நன்றி வணக்கம்" என்று இறங்கிவிட்டான்.

11.50க்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டரில் டீசல் இருந்தது. ஆனால் அதைத் தட்டத் தெரிந்த பையன் டீ குடிக்கப் போயிருந்தான். எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் தமிழாசிரியை மைக் இல்லாமலே எழுந்து நின்று வருகைப் பதிவேடு படிக்கத் தொடங்கினார். யாரோ பள்ளியில் இருந்து வாங்கி வைத்திருந்த பழைய பட்டியல் அவர் கையில் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் அம்மா". இறந்துபோன நான்கு பேருடைய பெயர் வந்தபோது யாரும் சொல்லித்தராமலே பக்கத்துப் பெஞ்சுக்காரன் எழுந்து நின்றான். அஞ்சலிக்கென்று நிரலில் 12.10க்குத் தனியாக நேரம் ஒதுக்கியிருந்தோம். அதை விட்டுவிட்டோம்.

நாலாம்பெஞ்சுக்கு: எங்களிடமும் ஒருவன் இருந்தான். கீற்று முடைகிறான். 100 ரூபாய் கட்டியது அவன்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். முந்தின நாள் மாலை சைக்கிளில் வந்து, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனான். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு முறைத்தான்.

செலவு போக 27,100 ரூபாய் மீதம். பள்ளிக்கே கொடுப்பதாக முடிவு. 2022இல் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் வழியாக அனுப்பலாமா, பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கேட்டு ஏதாவது பொருளாக வாங்கித் தரலாமா என்று பேச்சு நடக்கிறது. இதற்கும் ஒன்பது பேர்.

கரும்பலகை
ஆகஸ்ட் 12, 2025

என்ன வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நான் இருந்த பள்ளிக்கு மூன்று ஆண்டில் நான்கு சுவர்க்கடிகாரம் வந்தது. நான்கிலும் நன்கொடையாளர் பெயர் பெரிதாக, முள் சிறிதாக இருக்கும்.

கடல்தாண்டியவன்
ஆகஸ்ட் 13, 2025

வேப்பமரத்து மணியை யாராவது காணொளி எடுத்தீர்களா?

வடவாற்றங்கரை
ஆகஸ்ட் 13, 2025

15,000 ரூபாய் கொடுத்து வைத்த படக்காரர் அந்த நேரத்தில் சாப்பாட்டுக்கூட அலங்காரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என் மகள் போனில் எடுத்தது 40 விநாடி இருக்கிறது, பாதி அவள் விரல்.

ஒரு தகவல் விட்டுப்போயிற்று. எவர்சில்வர் டம்ளர் 300 எண்ணி வாங்கினோம். எண்ணித்தான் கொடுத்தோம். 286. ஒன்றுக்கு 70 ரூபாய் வீதம் 980 கேட்கிறார் கடைக்காரர். குழுவில் விசாரித்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்று காலை பெங்களூரிலிருந்து ஒருத்தி வீட்டுப் பால்கனியில் காபியோடு ஒரு படம் போட்டாள். டம்ளரில் கடையின் எழுத்து பொறித்திருக்கிறது. அதைப் பார்த்துத் துணிச்சல் வந்து மதியத்துக்குள் இன்னும் ஆறு பேர் படம் போட்டுவிட்டார்கள். 980ஐக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பொருளாளர் கேட்கிறான்.

பந்திக்கணக்கு
ஆகஸ்ட் 13, 2025

டம்ளர் போகட்டும். சாம்பார் கரண்டியை எண்ணினீர்களா?